நடிப்பிலும் நியாயம்

வட்டுக்கோட்டையில் மாலை வேளைகளிலே கூடிநிற்கும் மாணவரின் பேச்சைச் செவிமடுப்போர்க்கு ஒரு புதுமை புலப்படும். பரீட்சை, கிரிக்கெட், சினிமா என்னும் வழக்கமான பொருள்களுக்கு நடுவே, கடல்கள் பல கடந்து அமெரிக்காவில் நடைபெறும் மல்யுத்தமும் இடம்பெறுகிறது. எவனுக்குப் பட்டம் கொடுத்தது தவறு, எவனை வீணே தோற்கடித்தார்கள், நிகழ்ச்சியை ஏன் வேறு திரைக்கு மாற்றினார்கள் என்று அவர்கள் வழக்காடுகிறார்கள். "உதெல்லாம் முதலே எழுதிவைச்சு ஆடுற நாடகமெல்லோ தம்பி?" என்று நாம் ஒருநாள் கேட்டோம். மாணவன் ஒருவன் தயங்காமல் விடை சொன்னான்: "நடிப்பு எண்டு எங்களுக்குத் தெரியும் சேர். ஆனா நடிப்பிலையும் ஒரு நியாயம் வேணுந்தானே?"

அவ்விடையை எளிதில் தள்ளிவிட எம்மால் இயலவில்லை. கற்றோர் பலர் இம்மல்யுத்தத்தைப் பாமரரை ஏய்க்கும் பொய்யென்று கூறி ஒதுக்குவர். ஏய்க்கப்படுகிறான் என்று நாம் கருதும் அவனோ, தான் காண்பது நடிப்பென்பதை நம்மினும் நன்கு அறிந்திருக்கிறான். அறிந்தும் கோபிக்கிறான். அக்கோபத்தின் வரலாறு யாது? அதனால் விளைந்தது யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம்.

முடிவு தெரிந்த ஆட்டத்தைக் காண்பது நமக்குப் புதிதன்று. வட்டுக்கோட்டை, கூத்துக்குப் பேர்போன ஊர். யாழ்ப்பாணத்துக் கூத்து மரபுகளை வகுப்போர் 'வட்டுக்கோட்டை மோடி' என்று தனித்துச் சுட்டுமளவிற்கு இவ்வூருக்குத் தனிச்சிறப்பு உண்டு. அபிமன்யு சக்கரவியூகத்தினின்று மீளமாட்டான் என்பதைக் களரியைச் சுற்றியிருந்த சிறுபிள்ளையும் அறியும். ஆயினும் விடியும்வரை விழித்திருந்து கண்ணீர் வடித்தனர் எம்மக்கள். துரியோதனன் தொடையில் வீமன் அடித்த அடி முறையோ என்று மறுநாள் வயல் வரம்பிலே வாதிட்டனர். கதை அறிந்த கதை. தீர்ப்போ ஒவ்வோர் இரவும் புதிது.

அக்கூத்தின் உடைமை யாரிடம் இருந்தது? அண்ணாவியார் பழக்கினார்; பகலில் மண்வெட்டி பிடித்தவன் இரவில் முடி தரித்தான்; செலவை ஊர் சுமந்தது. ஆட்டம் பிழைத்தால் ஆடியவன் மறுநாள் ஊரார் முகத்தில் விழித்தாக வேண்டும். இதைக் கூறுவதால் பழைமையைப் பொன்னுலகமாக நாம் காட்ட முனையவில்லை. எவர் ஆடலாம், எவர் எங்கே இருந்து பார்க்கலாம் என்பதைச் சாதி நிர்ணயித்த களரிகள் அவை. ஊர் என்ற சொல்லுக்குள் ஊரார் அனைவரும் அடங்கவில்லை. எனினும் ஆடுவோனுக்கும் காண்போனுக்கும் இடையே, இருவரையும் அறியாத மூன்றாமவன் ஒருவன் உரிமையாளனாக நிற்கவில்லை என்பது மனங்கொளத்தக்கது.

மல்யுத்தமும் தமிழ்மக்களுக்கு அந்நியமன்று. ஆமூர் மல்லனைக் கோப்பெருநற்கிள்ளி வென்ற போரைச் சாத்தந்தையார் பாடியமை புறநானூற்றில் உண்டு. முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்ற பட்டத்தைப் பெருமையாகத் தாங்கினான். ஆனால், நுழைவுச்சீட்டு விற்று, வீரர்களை ஊரூராகக் கொண்டுசென்று நடத்தும் தொழின்முறை மல்யுத்தம் இந்த நூற்றாண்டுகளின் சரக்கு. 1910இல் லண்டன் சென்ற காமா, போலந்தின் ஸ்பிஸ்கோவோடு ஏறத்தாழ மூன்று மணிநேரம் பொருதான். மறுவாரம் ஸ்பிஸ்கோ களத்திற்கு வரவில்லை. பட்டம் காமாவுக்குக் கிடைத்தது. அடிமைப்பட்ட நாட்டின் மக்கள் அச்செய்தியை வெறும் விளையாட்டுச் செய்தியாகவா படித்திருப்பர்?

அந்த உணர்ச்சியின் முழு அறுவடையையும் கண்டவர் தாராசிங். பஞ்சாபின் கிராமமொன்றில் 1928இல் பிறந்து, 1947இல் சிங்கப்பூர் சென்று, அங்கே மல்யுத்தத்தைத் தொழிலாகக் கொண்டார். ஹங்கேரியரான எமில் சாயா, 'கிங்கொங்' என்ற பெயரோடு மலைபோன்ற உடலுடன் அவருக்கு எதிர்நின்றார். 1959இல் கல்கத்தாவில் பொதுநலவாயப் பட்டம். 1968 மே 29இல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ்ஸை வீழ்த்தி உலகப் பட்டம். தொலைக்காட்சி எட்டாத அந்நாளில் பத்திரிகையும் சுவரொட்டியும் வாய்ப்பேச்சுமே அவர் புகழைச் சுமந்தன. "பெரிய தாராசிங் எண்டு நினைப்போ?" என்பது நம் பேச்சுவழக்கிலும் நிலைத்துவிட்டது. உழவன் மகனொருவன் வெள்ளை இராட்சதனைத் தலைக்குமேல் தூக்குங் காட்சி, நேற்றுவரை அடிமையாயிருந்த மக்களின் நெஞ்சில் கிடந்த கணக்கொன்றைத் தீர்த்துவைத்தது. அந்த ஆட்டங்களில் எது மெய், எது ஏற்பாடு என்று கேட்டுக்கொண்டு எவரும் சீட்டு வாங்கவில்லை. பிரெஞ்சு அறிஞர் ரோலான் பார்த் 1952இல் மல்யுத்தத்தைப் பற்றி எழுதியபோது இதனையே கண்டார்: போட்டி மெய்யா என்பது காண்போர்க்குப் பொருட்டன்று, தீயவன் தண்டனை பெறுவதைக் கண்ணாற் காண்பதே அவர்களது வேட்கை.

இவ்வேட்கையைச் சரக்காக்கும் வித்தை அமெரிக்காவிலேதான் முழுமை பெற்றது. மணிக்கணக்கில் நீண்ட பழைய மல்யுத்தத்தை 1920களில் வணிகர்கள் நேரவரையறைக்குள் சுருக்கி, கண்ணைக் கவரும் பிடிகளால் நிரப்பினர். சுருக்குவது தன்னளவிற் பாவமன்று. இரவு முழுதும் ஆடிய நம் கூத்தையும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையிலே இரண்டு மணிநேர அளவிற்குச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என மேடையேற்றினார். அழிந்துபோகும் கலையைப் புதிய தலைமுறையிடம் சேர்ப்பது அவர் நோக்கம். அமெரிக்க வணிகரின் நோக்கம் மிகுதியான சீட்டு. யார் பொருட்டுச் சுருக்கப்படுகிறது என்பதே கேள்வி.

தொலைக்காட்சி வந்தபின் அக்கேள்விக்கான விடை மேலும் தெளிவாயிற்று. 1982இல் வின்ஸ் மக்மஹோன் தந்தையிடமிருந்து நிறுவனத்தை வாங்கினார். பிராந்தியந்தோறும் தனித்தனியே இயங்கிய சிறு நிறுவனங்களின் எல்லைகளைத் தொலைக்காட்சி அலைகளைக்கொண்டு உடைத்தார். இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என வழங்குவது அந்நிறுவனமே. 1989இல் நியூ ஜேர்சி மாநிலச் செனற் சபையின் முன், தாம் நடத்துவது உண்மைப் போட்டியன்று, கேளிக்கையே என்று நிறுவனத்தினர் ஒப்புக்கொண்டனர். பல்லாண்டு கட்டிக்காத்த இரகசியத்தை அவர்கள் உண்மைமீது கொண்ட பற்றினால் வெளியிடவில்லை. விளையாட்டுக்குரிய அரசாங்கக் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்புவதே குறிக்கோள். இலாபம் கேட்டபோது பொய்யும், இலாபம் கேட்டபோது மெய்யும்!

ஒளிபரப்பின் அதிகாரம் எத்தகையது என்பதை 2001ஆம் ஆண்டு காட்டியது. போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வின் நிகழ்ச்சிகளை அதன் தாய்நிறுவனத்தின் தொலைக்காட்சி நிர்வாகம் ஒருநாள் நிறுத்தியது. ஒளிபரப்பு நேரத்தை இழந்த அந்நிறுவனம் மலிவு விலைக்குப் பகைவன் கைக்குப் போயிற்று. அதனைப் பல்லாண்டு நேசித்த இரசிகரை எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கதையின் அரசியலையும் நோக்குவோம். தாராசிங் காலத்தில் நம்மவன் வீரன். அமெரிக்கத் திரையிலோ அந்நியனே பெரும்பாலும் தீயவன். 1984இல் ஹல்க் ஹோகன் ஈரானியரான 'அயன் ஷேக்'கை வீழ்த்திப் பட்டம் பெற்றார். 1991இல் வளைகுடாப் போரின்போது ஈராக் ஆதரவாளனாக ஒருவனை வேடமிட்டு நிறுத்தினர். 2004 இறுதியில் முகம்மது ஹசன் என்ற பாத்திரம் தோன்றியது. அமெரிக்காவில் பிறந்த அராபியனான தன்னை எல்லோரும் சந்தேகக் கண்கொண்டு பார்க்கிறார்கள் என்பதே அவன் முறைப்பாடு. அம்முறைப்பாட்டில் நியாயம் இருந்தது. அதனாலேயே அவனைத் தீயவனாக்கினர்! 2005 ஜூலை 7இல் லண்டன் குண்டுவெடிப்பு நிகழ்ந்த அதே நாளில், முகமூடி அணிந்தோர் அவனுக்காகத் தாக்கும் காட்சி ஒளிபரப்பாகியது. எழுந்த கண்டனத்தின்பின் தொலைக்காட்சி நிறுவனம் அப்பாத்திரம் தன் திரையில் தோன்றலாகாது என்றது. பாத்திரம் மறைந்தது. அதனைப் படைத்த எண்ணம் மறைந்ததா?

2017 மே மாதம், பஞ்சாபிய வழிவந்த கனடியரான ஜிந்தர் மஹால் திடீரென உலகப் பட்டம் பெற்றார். இந்தியச் சந்தையைக் குறிவைத்த முடிவு இதுவென்று இரசிகர்கள் அன்றே கூறினர். அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் டில்லிக்கு வந்தபோது அவர் பட்டத்தை ஏற்கெனவே இழந்திருந்தார். டில்லி மேடையிலும், நிறுவனத்தின் உயர் அதிகாரியுமான டிரிபிள் எச்சிடம் தோற்றார். நம்மவன் என்று காட்டிச் சீட்டு விற்று, நம் கண்முன்னே அவனைத் தோற்கடித்த இக்கதையில் தாராசிங் காலத்துக் கணக்குத் தலைகீழாயிற்று.

இரசிகர் என்ன செய்தனர்? 2014 ஜனவரியில் பிற்ஸ்பேர்க் நகரில், தாம் விரும்பிய டானியல் பிரயன் 30 பேர் மோதும் ஆட்டத்தில் இடம்பெறமாட்டான் என்று கண்ட கூட்டம், இறுதியாக மேடைக்கு வந்த அன்புக்குரிய வீரனையும் கூவித் துரத்தியது; வென்ற பட்டிஸ்டாவையும் கூவியது. ஏப்ரல் 6இல் நிறுவனம் பணிந்து பிரயனுக்கே பட்டம் கொடுத்தது. 2024 பெப்ரவரியில், கோடி ரோட்ஸ் பெறவேண்டிய போட்டியிடம் 'த ரொக்' எனப்படும் டுவெயின் ஜோன்சனுக்குப் போகுமென்று தோன்றியபோது உலகெங்குமிருந்து எதிர்ப்பு எழுந்தது. சில நாள்களுக்குள் கதை திரும்பியது. ஏப்ரல் 7இல் பிலடெல்பியாவில் கோடி வென்றான். இடத்தைப் பறிக்கவந்த ஜோன்சன், அவ்வாண்டு ஜனவரியிலேதான் தாய்நிறுவனத்தின் பணிப்பாளர் சபையில் அமர்ந்தவர் என்பதை நாம் மறத்தலாகாது. முதலாளியின் ஆசனத்திலிருந்தே வீரனின் இடத்தையும் ஒருவர் கேட்டார், மக்கள் மறுத்தனர்.

இது வெற்றிதான், குறைத்துக் கூறோம். ஆனால் அவ்வெற்றியின் எல்லை யாது? மக்களின் கோபத்தையே நிறுவனம் கதைக்குள் சேர்த்துக்கொண்டது; அநீதி செய்யும் முதலாளியை மேடையிலே வேடமாக நிறுத்தி, அவனைக் கூவுவதற்கும் சீட்டு விற்றது. மேடை முதலாளி தோற்கும்போது மெய்யான முதலாளியின் கணக்கு நிறைகிறது.

மேடையில் விழுபவனின் கணக்கோ வேறு. 1986இல் ஜெஸி வெந்துரா மல்யுத்த வீரர்க்கு ஒரு தொழிற்சங்கம் வேண்டுமென்று உடையறையிலே பேசினார். அச்செய்தியை முதலாளியிடம் சேர்ப்பித்தவர் மக்கள் வீரனாகக் கொண்டாடிய ஹல்க் ஹோகன் என்பது பின்னர் நடந்த வழக்கில் வெளிவந்தது. சங்கம் பிறக்கவேயில்லை. வீரர்கள் ஊழியராகவன்றி, சுயாதீன ஒப்பந்தக்காரராகவே கணிக்கப்படுகின்றனர். 1999 மே 23இல் கன்சாஸ் நகரில், வேடிக்கைக்காகக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட் தவறி விழுந்து மாண்டார். நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. முடிவு ஏற்பாடுதான், விழும் உடல் ஏற்பாடன்று.

இன்று கைமாறுவது கதைமட்டுமன்று, திரையும் ஆகும். பத்தாண்டுகளுக்கு ஐந்நூறு கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தின்படி 2025 ஜனவரியில் முதன்மை நிகழ்ச்சி நெட்ஃபிளிக்ஸுக்குச் சென்றது. ஏப்ரலில் இந்தியாவிலும் அது தொலைக்காட்சி அலைவரிசையை விட்டு நீங்கியது. செய்மதித் தட்டின் வழியே இந்திய அலைவரிசைகளைக் கண்டுவந்த நம்மூர் வீடுகளில் அதன் விளைவு எளிதில் விளங்கும். போர்க்காலத்தில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். ஒளிபரப்பு அற்றுப்போவதென்றால் என்னவென்பதை அறிவோம். அன்று அதனை அறுத்தது யுத்தம். இன்று அறுப்பது சந்தா.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அவர்கள் கொண்டுவந்த கல்வியைக் கண்மூடி ஏற்காது, அதனைக்கொண்டே கேள்வி கேட்கப் பழகினர் நம் முன்னோர். அதே அமெரிக்காவிலிருந்து இன்று வருவது மல்யுத்தம். அதனைத் தடைசெய்யவோ, பார்ப்போரை இகழவோ ஆசிரியர்களாகிய நாம் முற்படுவது பயனற்றது. நடிப்பிலும் நியாயம் கேட்கும் மாணவன் நீதியுணர்ச்சி மழுங்காதவன். அவனிடம் நாம் மேலும் ஒரு வினாவைச் சேர்ப்பித்தால் போதும்: கதையை எழுதுபவன் யார், விழுபவனுக்குக் கூலி தருபவன் யார்?

நடிப்பில் நியாயம் கேட்டுப் பழகிய வாய், நடிப்பவனுக்கும் நியாயம் கேட்கத் தொடங்குமாயின், அதனை எந்தக் கதையாசிரியனாலும் கதைக்குள் அடக்கிவிட முடியாது.