பட்டமும் படியும்: செஞ்சிக் கோட்டைக் கூடத்திலிருந்து மிஸ்டர் யுனிவர்ஸ் வரை

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி மலையின் அடிவாரத்தில், உள்கோட்டைக்குள் ஒரு நெற்களஞ்சியம் இருக்கிறது. அதன் அருகில் கனத்த சுவர்களுடன் நிற்கும் கட்டடத்தை உடற்பயிற்சிக் கூடம் என்று தொல்லியல் துறை அடையாளப்படுத்தியிருக்கிறது. கல்யாண மகாலைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காமல் கடந்துபோகிறார்கள். ஆனால் களஞ்சியமும் கூடமும் அக்கம்பக்கமாக அமைந்திருப்பது பொருள் பொதிந்தது. கோட்டைக் காவலனின் உடல் அரசின் படைக்கலம். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் அதை வளர்த்தன. அந்தப் பயிற்சி தாங்குவதற்கான நெல்லை அரசே அளந்தது.

செஞ்சி கைமாறிய வேகத்தில் படியளக்கும் கையும் மாறிக்கொண்டே இருந்தது. நாயக்கர்களிடமிருந்து 1649இல் பீஜப்பூருக்கும், 1677இல் சிவாஜிக்கும், எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் முகலாயருக்கும் கோட்டை போயிற்று. 1714இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன் போரில் மடிந்தான். 1750இல் பிரெஞ்சுக்காரர்களும் 1761இல் ஆங்கிலேயர்களும் கோட்டையைப் பிடித்தார்கள். அத்துடன் செஞ்சியின் படை முக்கியத்துவம் தேய்ந்தது. மற்ற இடங்களிலும் பாளையங்களும் சிற்றரசுகளும் ஒடுங்க ஒடுங்க, மல்லர்களையும் சிலம்ப ஆசான்களையும் வைத்துச் சோறு போடும் அரண்மனைகள் குறைந்தன. ஆணழகன் போட்டிகளின் வரலாற்றைப் பட்டங்களின் வரிசையாக எழுதுவதே வழக்கம். பட்டம் வென்றவருக்கு யார் படியளந்தார்கள் என்று பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது.

அரண்மனை விட்ட இடத்தை முதலில் பிடித்தது சர்க்கஸ். விஷ்ணுபந்த் சத்ரேயின் கிரேட் இந்தியன் சர்க்கஸ் 1880இல் தொடங்கியது. தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி நிறுவினார். இந்தக் கூடாரங்களில் உருவான தென்னாட்டின் பெரும் பெயர் கோடி ராமமூர்த்தி நாயுடு. சீகாகுளம் பகுதியில் பிறந்து, சென்னை சைதாப்பேட்டையில் உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பை முடித்து, விஜயநகரத்தில் பள்ளி ஆசிரியரானவர் அவர். பிறகு சொந்தமாக சர்க்கஸ் நடத்தினார். இரும்புச் சங்கிலியை மார்பால் அறுப்பது, ஓடத் துடிக்கும் மோட்டார் வண்டியை இழுத்து நிறுத்துவது, யானையை நெஞ்சின் மேல் ஏற்றிக்கொள்வது ஆகியவை அவர் காட்டிய வித்தைகள். அவற்றைக் காண மக்கள் சீட்டு வாங்கினார்கள். உடலின் வலிமைக்கு மட்டுமே அங்கே விலை இருந்தது. வடிவத்தை யாரும் அளக்கவில்லை.

வடிவத்துக்கு மதிப்பெண் போடும் வழக்கம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1901இல் லண்டன் ஆல்பர்ட் அரங்கில் யூஜின் சாண்டோ நடத்திய போட்டியே பெரிய அளவிலான முதல் உடற்கட்டுப் போட்டி எனக் கொள்ளப்படுகிறது. எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயிலும் நடுவர்களுள் ஒருவராக இருந்தார். சில ஆண்டுகளுக்குள் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து நிகழ்ச்சிகள் நடத்தினார். அவருடைய பெயர் கையில்லாத பனியனுக்கும் ஒட்டிக்கொண்டு இன்றும் நம் ஜவுளிக்கடைகளில் புழங்குகிறது.

அந்த அலையைத் தென்னிந்திய மண்ணுக்கு ஏற்ப மாற்றியவர் பெங்களூர் கே.வி. ஐயர். ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடத்தை நடத்திய அவர், மேலை நாட்டு எடைப் பயிற்சியோடு சூரிய நமஸ்காரத்தையும் தண்டாலையும் கலந்தார். 1930இல் ‘மசில் கல்ட்’ என்ற நூலை வெளியிட்டார். கிரேக்கச் சிலைகளைப் போல நின்று அவர் எடுத்துக்கொண்ட படங்கள் நாடெங்கும் பரவின. மைசூர் அரண்மனையின் ஆதரவும் அஞ்சல் வழிப் பயிற்சிக் கட்டணமும் அவரைத் தாங்கின. பழைய புரவலரும் புதிய வாடிக்கையாளரும் சந்தித்த இடம் அது. கோயம்புத்தூரில் வீரமாருதி தேகப்பயிற்சிச் சாலையில் உடம்பை வளர்த்த சின்னப்பா தேவருக்கு ‘சாண்டோ’ அடைமொழியானது. அவருக்குப் படியளந்தது சினிமா. சண்டை நடிகராகத் தொடங்கி, தேவர் பிலிம்ஸ் நிறுவி, 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ முதல் எம்.ஜி.ஆரை வைத்துப் பல படங்கள் எடுத்த தயாரிப்பாளராக உயர்ந்தார்.

உலகப் பட்டம் வரை போன முழுமையான எடுத்துக்காட்டு வங்காளத்தில் கிடைக்கிறது. கோமில்லா மாவட்டத்தில் 1912இல் பிறந்த மனோகர் ஆயிச்சின் உயரம் 4 அடி 11 அங்குலம். சிறுவயதில் காலா அசார் காய்ச்சல் அவரை உருக்குலைத்தது. அதிலிருந்து மீள அவர் நம்பியது தண்டாலும் பஸ்கியும்தான். இளமையில் மந்திரவாதி பி.சி. சர்க்காரின் நிகழ்ச்சிகளில் இரும்புக் கம்பியை வளைத்துக் காட்டி வந்தார். 1942இல் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்தபோது ரூப் மார்ட்டின் என்ற அதிகாரி அவருக்கு எடைப் பயிற்சியை அறிமுகம் செய்தார். இந்தியர்களை இழிவாகப் பேசிய வேறொரு அதிகாரியை அறைந்ததற்காக ஆயிச் சிறை சென்றார்.

அவருடைய உடல் உருவானது அந்தச் சிறையில்தான். கருவி எதுவும் இல்லாமல் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை பயிற்சி செய்ததாகப் பின்னாளில் அவர் கூறியிருக்கிறார். அந்த உழைப்பைக் கண்ட சிறை அதிகாரிகள் அவருக்குத் தனிச் சாப்பாடு கொடுத்தார்கள். தண்டித்த அரசே படியும் அளந்தது என்ற இந்த முரண் வேறு எந்த ஆணழகனின் வரலாற்றிலும் எளிதில் காணக் கிடைக்காது.

விடுதலைக்குப் பின் 1950இல் மிஸ்டர் ஹெர்குலிஸ் பட்டம் அவருக்குக் கிடைத்தது. 1951இல் லண்டன் மிஸ்டர் யுனிவர்ஸ் போட்டிக்குப் போனார். உயரத்தை வைத்துப் போட்டியாளர்களைப் பிரிக்கும் முறை இருந்ததால் குள்ளமானவர்களுக்கும் அங்கே இடம் இருந்தது. அந்த ஆண்டு அவருக்கு இரண்டாம் இடம். இன்னொரு வங்காளியான மனோதோஷ் ராய் அதே 1951இல் தம் பிரிவில் வென்று, மிஸ்டர் யுனிவர்ஸ் மேடையில் பட்டம் பெற்ற முதல் ஆசியரானார். ஆயிச் ஊர் திரும்பவில்லை. பிரிட்டிஷ் ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்து, 1952இல் குட்டையானவர்களுக்கான பிரிவில் பட்டத்தை வென்றார். ‘பாக்கெட் ஹெர்குலிஸ்’ என்ற பெயர் நிலைத்தது.

ஊர் திரும்பிய உலக வாகையருக்குக் காத்திருந்தது சர்க்கஸ் கூடாரம். நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தைக் காக்க, ராமமூர்த்தி காலத்து வலிமை வித்தைகளையே அவரும் செய்ய வேண்டியிருந்தது. பட்டம் அவருக்குப் பெயரைத் தந்தது, சம்பளத்தைத் தரவில்லை. 1960இல், ஐம்பதை நெருங்கும் வயதில், மறுபடியும் மிஸ்டர் யுனிவர்ஸ் மேடையேறி நான்காம் இடம் பெற்றார். 1991 மக்களவைத் தேர்தலில் டம்டம் தொகுதியில் பாரதிய ஜனதா வேட்பாளராக நின்று தோற்றார். தொண்ணூறு வயதை ஒட்டியும் மேடையில் தசைகளை முறுக்கிக் காட்டினார். சோறு, பருப்பு, மீன், பால், பழம் என்று அவருடைய உணவு கடைசி வரை சாதாரண வங்காளி வீட்டுச் சாப்பாடாகவே இருந்தது. 2016 ஜூன் 5 அன்று 104 வயதில் காலமானார்.

அந்தத் தலைமுறைக்குப் பின் அமெரிக்காவில் வழி வேறாகத் திறந்தது. பத்திரிகை வெளியிட்டும் சத்து மாவு விற்றும் வந்த ஜோ வீடர் 1965இல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியைத் தொடங்கினார். 1968இல் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகரை அமெரிக்காவுக்கு வரவழைத்துத் தாங்கினார். வென்ற உடல் அங்கே சரக்கை விற்கும் விளம்பரமானது. இந்தியாவில் அப்படிப்பட்ட சந்தை வெகுகாலம் உருவாகவில்லை. 1988இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 80 கிலோ பிரிவில் மிஸ்டர் யுனிவர்ஸ் வென்ற பஞ்சாப் வீரர் பிரேம்சந்த் டெக்ராவுக்கு அர்ஜுனா விருதும் (1986) பத்மஸ்ரீயும் (1990) கிடைத்தன. இங்கே வெற்றியின் கூலி பெரும்பாலும் அரசின் அங்கீகாரமாகவே வந்தது.

தமிழ்நாட்டு வீரர்களின் நிலையும் இதையே காட்டுகிறது. உலகப் போட்டி வரை சென்று பட்டம் வென்ற சென்னை வீரர் ராஜேந்திரன் மணி இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். ரயில்வே, படைகள், காவல்துறை ஆகியவை தேசியப் போட்டிகளுக்கு அணி அனுப்பும் அளவுக்கு வீரர்களை வேலையில் வைத்திருக்கின்றன. முட்டை, கோழி, புரதப் பொடி என்று மாதந்தோறும் கரையும் செலவுக்கு அந்தச் சம்பளமே ஆதாரம். ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2002 பூசானிலும் 2006 தோகாவிலும் மட்டும் இடம்பெற்ற உடற்கட்டுப் பிரிவு அதன்பின் நீக்கப்பட்டது. ஒலிம்பிக்கிலோ ஆசியப் போட்டியிலோ இல்லாத விளையாட்டைச் சேர்ந்தவர் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கும்போது அவருடைய பதக்கத்தின் எடை குறைந்துவிடுகிறது.

2014 செப்டம்பரில் சென்னையில் நடந்த ‘ஐ’ படத்தின் பாடல் வெளியீட்டு விழாவுக்கு அர்னால்டு வந்தார். மிஸ்டர் தமிழ்நாடு பட்டத்துக்கு ஏங்கும் வடசென்னை இளைஞனின் கதை அது. மேடையில் உடற்கட்டு வீரர்கள் தசை காட்டியபோது அவரும் எழுந்து போய் அவர்களோடு நின்றார். சாண்டோ சின்னப்பா தேவர் காலத்தில் சினிமா தேகப்பயிற்சிக்காரரைச் சண்டைக்கு அழைத்தது. இப்போது கதாநாயகனின் உடலைச் செதுக்கும் பயிற்சியாளராக அழைக்கிறது. போட்டி மேடையிலிருந்து இறங்கும் ஆணழகன்கள் பலருக்கு அந்த வேலையும், உடற்பயிற்சிக் கூடத்தின் மாதக் கட்டணமுமே இன்றைய வருமானம்.