ஆத்தூர்க்காரர் எடுத்த ரெண்டே படம்

சேலத்தையும் சினிமாவையும் சேர்த்துச் சொன்னா எல்லாருக்கும் மாடர்ன் தியேட்டர்ஸ்தான் ஞாபகம் வரும். டி.ஆர்.சுந்தரம் ஆலை நடத்துற மாதிரி நூறு படத்துக்கு மேல எடுத்த ஸ்டுடியோ. இப்ப ஏற்காடு ரோட்டுல முகப்பு வளைவு மட்டும் நிக்குது. அது முன்னாடி நின்னு செல்ஃபி எடுக்காத சேலத்துக்காரங்க கம்மி.

ஆனா இன்னிக்கு நான் பேசப்போற ஆளுக்கு வளைவெல்லாம் கிடையாது. சேலத்துக்குக் கிழக்கே ஐம்பது கிலோமீட்டர் போனா ஆத்தூர். அந்த ஊர்க்காரர் சி.ருத்ரய்யா. அடையாறு திரைப்படக் கல்லூரியில படிச்சுட்டு, கூடப் படிச்ச மாதிரி ஆட்களையே கேமராவுக்கும் வச்சுக்கிட்டு, 1978ல ‘அவள் அப்படித்தான்’ எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படம். எழுத்துல எழுத்தாளர் வண்ணநிலவன் இருந்தார், இசை இளையராஜா. ஸ்ரீப்ரியா, கமல், ரஜினி மூணு பேரும் நடிச்சாங்க. அந்த வருஷம் ரஜினிக்கு மட்டும் ஒரு டசனுக்கு மேல படம். அவ்வளவு பிஸியான ஆட்களை வச்சு ஒரு முதல் பட இயக்குநர் இதை முடிச்சதே பெரிய விஷயம்.

அந்த ரெண்டு மூணு வருஷம் தமிழ் சினிமாவுக்கு விசேஷமானது. ‘16 வயதினிலே’, ‘முள்ளும் மலரும்’, ‘உதிரிப்பூக்கள்’னு வரிசையா வந்துச்சு. அதெல்லாம் கேமராவைக் கிராமத்துக்குத் தூக்கிட்டுப் போன படங்கள். ருத்ரய்யா நகரத்துலயே நின்னார். ஒரு விளம்பரக் கம்பெனி, சில ரூம்கள், நிறைய பேச்சு. பெண்களைப் பத்தி டாக்குமெண்டரி எடுக்க வர்ற அருணா கமல். அவருக்கு உதவியா வேலை பார்க்குற மஞ்சுவா ஸ்ரீப்ரியா. நெத்தியில விபூதி, கையில கிளாஸ்னு கம்பெனி முதலாளி தியாகுவா ரஜினி.

இந்தப் படத்தைப் பத்தி யார் எழுதினாலும் ‘காலத்தைத் தாண்டிய படம்’னு ஒரு வரி இருக்கும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. 1975ஐ ஐநா சபை சர்வதேசப் பெண்கள் ஆண்டா அறிவிச்சது. அதுக்கு முந்தின வருஷமே இந்தியப் பெண்களோட நிலைமை பத்தின அரசுக் குழு அறிக்கை வந்தாச்சு. ஆபீஸ் போற பொண்ணுங்களும் ஊர்ல இருந்தாங்க. மஞ்சு 1978லயே வாழ்ந்த பொண்ணு. ‘காலத்தைத் தாண்டியது’ன்னு சொன்னா, அன்னிக்குப் பார்க்காம விட்டவங்களுக்கு நாமளே லீவ் லெட்டர் எழுதிக் கொடுக்குற மாதிரி.

நான் இதை ஹாஸ்டல்ல லேப்டாப்புல முதல்ல பார்த்தப்போ கோபம் முழுக்க தியாகு மேலதான். பெண்களைப் பத்தி அவன் கேவலமா பேசுவான், கேட்க எரிச்சலா இருக்கும். ஆனா அவன் எதையும் மறைக்கிறதில்ல. அருண் மரியாதையா பேசுவான், மஞ்சுவைப் புரிஞ்சுக்க நிஜமாவே முயற்சி பண்ணுவான், கடைசியில ஒரு சின்ன ஊர்ப் பொண்ணைக் கல்யாணம் பண்ணிட்டு வந்து நிப்பான். பெண் விடுதலையைப் பத்தி அந்தப் பொண்ணுகிட்ட மஞ்சு ஒரு கேள்வி கேட்பா. அதைப் பத்தி எனக்குத் தெரியாதேன்னு பதில் வரும். ரெண்டாவது தடவை பார்த்தப்போ அந்தக் கார்ல நான் அருண் முகத்தை மட்டும்தான் பார்த்துட்டு இருந்தேன். இன்ஸ்டாகிராம்ல பெண்ணியம் ஷேர் பண்ணிட்டு, மேட்ரிமோனியில ‘அடக்கமான பொண்ணு’ தேடுற நண்பர்கள் உங்களுக்கும் இருப்பாங்க.

அதே தீபாவளி சமயத்துலதான் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்துச்சு. அதுல கமல் பெண்களைக் கொலை பண்ற ஆள். அந்தப் படம் பெரிய ஹிட்.

ருத்ரய்யா 1980ல ‘கிராமத்து அத்தியாயம்’ எடுத்தார். அது ஓடல. அதோட ‘ஆத்து மேட்டுலே’ பாட்டு இன்னிக்கும் எஃப்எம்ல வரும், படம் எதுன்னு கேட்டா சொல்றவங்கதான் குறைவு. 2013ல சிஎன்என்-ஐபிஎன் போட்ட நூறு சிறந்த இந்தியப் படங்கள் பட்டியல்ல ‘அவள் அப்படித்தான்’ இருந்துச்சு. அடுத்த வருஷம் நவம்பர்ல அவர் இறந்துட்டார். ‘கிராமத்து அத்தியாய’த்துக்கு அப்புறம் 34 வருஷம் இருந்தார். மூணாவது படம் வரவே இல்ல.