புதிய உழவு இயந்திரமும் முதல் ஐம்பது மணித்தியாலமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையில் அமைந்த ஊர் தேற்றாத்தீவு. மாவட்டத்தின் பரந்த வயல்நிலங்களோ வாவிக்கு அப்பால் படுவான்கரையில் உள்ளன. இங்கிருந்து அங்கு உழச் செல்லும் இயந்திரம் கல்முனை நெடுஞ்சாலையில் ஓடி, பட்டிருப்புப் பாலத்தைக் கடக்கவேண்டும். எனவே நமது பகுதியில் அது வயற்கருவி மாத்திரமன்று, வீதி வாகனமுமாகும்.

பெரும்போகத்துக்கென வாங்கப்படும் புதிய இயந்திரம், லீசிங் தவணையின் நெருக்கடியால் முதல் நாளே இரவு பகலாக உழைக்க வைக்கப்படுகின்றது. அதன் ஆயுளைக் குறைப்பது இந்த அவசரமே. பற்சக்கரங்களும் பிஸ்டன் வளையங்களும் தம்முள் இசைவதற்கு ஏறத்தாழ 50 மணித்தியால ஓட்டம் தேவை. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலம் உழுதால் இது ஐந்தே நாட்கள்! அதுவரை முழுச்சுமையில் வருத்தலாகாது. சுமையின்றி நெடுநேரம் இயங்கவிடுதலும் ஆகாது. இதனை இயந்திரத்துக்கான ஓய்வென நம்மவர் சிலர் கருதுகின்றனர். உண்மையில், அவ்வாறு ஓடும்போது வளையங்கள் சிலிண்டர் சுவருடன் சரிவரப் பொருந்துவதில்லை. கையேடு குறிக்கும் மணிக்கணக்கில், பெரும்பாலும் இந்த 50 மணித்தியாலம் முடிந்ததும், எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றவேண்டும். தொடக்கத் தேய்வின் உலோகத் துகள்கள் அந்த எண்ணெயிலேயே மிதக்கின்றன. சக்கர மரைகளை முதல் நாள் வேலை முடிந்ததுமே மீண்டும் இறுக்குதல் நன்று. வாவியோரத்து உவர்ச் சேறு பட்டால் நன்னீரால் கழுவிக் கிரீஸ் இடவேண்டும்.

வயலில் கூர்மையாகத் திரும்புவதற்காகப் பிரிக்கப்படும் இரு பிரேக் மிதிகளையும் வீதிக்கு ஏறுமுன் இணைத்துப் பூட்டவேண்டும். வேகத்தில் ஒரு மிதி மாத்திரம் அழுந்தினால் இயந்திரம் ஒரு பக்கமாக இழுபட்டுக் கவிழும். மட்காப்பில் எவரையும் ஏற்றலாகாது. சுவீடன் 1959ஆம் ஆண்டிலேயே புதிய உழவு இயந்திரங்களுக்குக் கவிழ்வுப் பாதுகாப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. நமது வயல்களிலோ அச்சட்டகமில்லாத இயந்திரங்களை இன்றும் காண்கிறோம்.

2024 நவம்பர் 26 அன்று காரைதீவு, மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரமொன்று வெள்ளத்தில் அகப்பட்டு, அதில் பயணித்த மத்ரஸா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தனர். உயர்ந்த சக்கரம் எந்த வெள்ளத்தையும் கடக்கும் என்ற நம்பிக்கை நமது கரையோரங்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. பாயும் நீர் முதலில் தள்ளுவது பின்னால் பூட்டிய பெட்டியை. பெட்டி சரிந்தால் இயந்திரமும் உடன் இழுபடும். வீதியின் விளிம்பு நீருள் மறைந்திருக்குமாயின் பெட்டியில் ஆட்களுடன் இறங்குதல் எவ்வகையிலும் தகாது. நீர் வடியும்வரை காத்திருக்கவேண்டும்.