குறொம்வெல்லும் கொட்டியாரக் குடாவும்

1649 சனவரி 30 ஆம் நாள் இங்கிலாந்தின் மன்னன் முதலாம் சாள்ஸ் தன் குடிகளாலேயே விசாரணை செய்யப்பட்டுத் தலை துண்டிக்கப்பட்டான். மன்னனின் அதிகாரம் இறைவனால் அருளப்பட்டது என்ற கொள்கை அன்று பேரிடி வாங்கியது. அதன்பின் தோன்றிய குடியரசின் தலைமகனாக உயர்ந்தவர் ஒலிவர் குறொம்வெல் ஆவார்.

குறொம்வெல்லின் ஆட்சி முரண்பாடுகள் நிறைந்தது. பாராளுமன்றத்தின் உரிமைக்காக வாளேந்திய அவரே 1653 இல் படைவீரரைக் கொண்டு பாராளுமன்றத்தைக் கலைத்தார். அவ்வாண்டு இறுதியில் நாட்டின் காவலர் எனும் பதவியை ஏற்றார். 1657 இல் முடி சூடுமாறு வேண்டப்பட்டபோது மறுத்தார். எனினும் அவரது ஆட்சியின் அடித்தளம் படைபலமே. அயர்லாந்தின் துறோகடாவில் 1649 இல் அவரது படை நிகழ்த்திய படுகொலை, தம் மக்களுக்கு வேண்டிய உரிமையைப் பிறருக்கு அவர் வழங்கவில்லை என்பதைக் காட்டும்.

இம்முரண்பாடு கடல்வழியே நம் திருகோணமலைக் கரையையும் தொட்டமை நோக்கற்பாலது. ஆசியாவின் பண்டங்கள் ஆங்கிலக் கப்பல்களிலேயே இங்கிலாந்து வரவேண்டும் என 1651 ஆம் ஆண்டுக் கப்பலோட்டச் சட்டம் விதித்தது. குடியரசின் கடற்படையும் பெருகி, ஒல்லாந்தருடன் போரிட்டது. நலிந்திருந்த கிழக்கிந்தியக் கம்பனிக்கு 1657 ஒக்டோபரில் குறொம்வெல் புதிய பட்டயம் வழங்கினார். கம்பனி நிலையான கூட்டு மூலதனம் பெற்றது. மூன்று மாதங்களின் பின் அக்கம்பனியின் பணிக்காக 'ஆன்' எனும் கப்பல் புறப்பட்டது. தலைவன் றொபேட் நொக்ஸ். உடன் அதே பெயருடைய மகன்.

1659 இல் மசூலிப்பட்டினத்தில் புயலால் பாய்மரம் இழந்த அக்கப்பல், பழுதுபார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அப்போது கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரைத் துணைக்கழைத்து, அவர்களாலேயே ஏமாற்றப்பட்டவன் அவன். அந்நியக் கப்பலை அவன் ஐயுற்றதில் வியப்பில்லை. 1660 ஏப்பிரலில் தந்தையும் மகனுமாகப் பதினாறு பேர் சிறைப்பட்டனர். மூதூரில் ஒரு புளியமரத்தடியில் அவர்கள் பிடிபட்டனர் என்பது வழக்கு. அடுத்த ஆண்டு தந்தை நோயால் இறந்தார். மகன் 1679 இல் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தார். 1681 இல் அவர் வெளியிட்ட நூல் கண்டி இராச்சிய வரலாற்றுக்கு அரிய சான்றாயிற்று.

அவர் புறப்பட்டபோது குறொம்வெல் உயிருடன் இருந்தார். திரும்பியபோது அரியணையில் இருந்தவன் இரண்டாம் சாள்ஸ். குறொம்வெல் 1658 இல் மறைந்தார். 1660 மே மாதத்தில் முடியாட்சி மீண்டது. 1661 இல் அவரது சடலம் தோண்டியெடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டது. ஆயின் புதிய மன்னன் கப்பலோட்டச் சட்டத்தைப் புதுப்பித்தான். கம்பனிக்கும் 1661 இல் பட்டயம் அளித்தான். குடியரசின் உரிமைகள் கைவிடப்பட்டன. அதன் கடலாதிக்கம் மட்டும் போற்றப்பட்டது.

அவ்வாதிக்கம் வளர்ந்து 1795 இல் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றியது. 1957 இல்தான் பிரித்தானியக் கடற்படைத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. மன்னனும் சட்டத்திற்கு உட்பட்டவனே என்பதை உலகிற்கு உணர்த்தியமை குறொம்வெல் காலத்தின் அழியாப் பெருமை. ஆனால் தன் வீட்டில் விடுதலை பேசிய அரசு பிறர் வாயிலில் வாணிகத்துடனும் வாளுடனும் நின்றது. திருகோணமலையிலிருந்து அவரை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.