காவேரிப்பாக்கத்து ஓடை: நிலம் யாருக்குத் தடை?

காலனியக் காலப் போர்களைப் பற்றிய நூல்கள் தளபதியையும் பீரங்கியையும் முன்னிறுத்துகின்றன. மழைநீர் அரித்த வறண்ட ஓடைக்கு ஓரிரு வரிகளே கிடைக்கும். மழை ஓயாத கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கும் நீரற்ற ஓடை பெரிய தடையாகத் தோன்றாது. ஆனால் செங்குத்தான கரைகள் கொண்ட ஓடை அணிவகுப்பைக் குலைக்கும், பீரங்கி வண்டியை நிறுத்தும், குதிரைப்படையை முடக்கும். அது யாருக்குத் தடை, யாருக்கு அரண் என்பதை அதன் ஆழம் தீர்மானிப்பதில்லை. சுற்றியுள்ள நிலத்தை முழுமையாக அறிந்தவர் யார் என்பதே தீர்மானிக்கிறது.

1752 பிப்ரவரியில் ஆர்க்காட்டை நோக்கிச் சென்ற, ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி ராபர்ட் கிளைவின் படையில் சுமார் 380 ஐரோப்பியரும் 1,300 சிப்பாய்களும் இருந்தனர். காவேரிப்பாக்கத்தருகே, கர்நாடக நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பும் பிரெஞ்சுக்காரரும் பதுங்கியிருந்தனர்: 400 ஐரோப்பியர், 2,000 சிப்பாய்கள், 2,500 குதிரைவீரர். மாந்தோப்பிலிருந்து பீரங்கிகள் முழங்கியதும் கிளைவின் காலாட்படை சாலையோர ஓடைக்குள் இறங்கியது. பிரெஞ்சுக் காலாட்படையும் அதே ஓடை வழியே வந்தது. ஆறு ஆறு பேராக மட்டுமே நிற்க இடமிருந்ததால் எதிரியின் எண்ணிக்கை பயனற்றுப் போனது. நிலவொளியில் இரு தரப்பும் நெடுநேரம் சுட்டும் ஒன்றும் தீரவில்லை.

முடிவு ஓடைக்கு வெளியே பிறந்தது. உள்ளூர் மொழி தெரிந்த, கிளைவின் சார்ஜன்ட் ஒருவர் இருளில் சுற்றிவந்து, தோப்பின் பின்புறம் காவலின்றிக் கிடப்பதாகச் சொன்னார். அவ்வழியே ஒரு பிரிவு அனுப்பப்பட்டது. முன்னே வேவு பார்க்கப் போன அதிகாரி, பள்ளமொன்றில் கிடந்த எதிரிச் சிப்பாய்கள் அதட்டியபோது பிரெஞ்சில் பதில் சொல்லித் தப்பினார். பின்னாலிருந்து பாய்ந்த குண்டுகளில் தோப்பு கலைந்தது, பீரங்கிகள் கைமாறின.

இது கிளைவின் அதிர்ஷ்டம்தானே எனலாம். அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, ஆனால் ஆளனுப்பிப் பார்க்காதவருக்கு அது வாய்த்திராது. பதுங்கும் இடத்தைத் தேர்ந்தவர்கள் ராஜா சாகிப்பின் ஆட்கள். நிலமறிந்தவர்கள் அவர்கள்தானே என்ற கேள்வி இன்னும் வலுவானது. அவர்கள் அறிந்தது முன்புறத்தை மட்டும். பழகிய மண் என்ற நம்பிக்கையில் பின்புறத்தைக் காக்காமல் விட்டார்கள்.

மலாயாவிலும் இதற்கு ஒப்பான சான்று உண்டு. 1831இல் மலாக்காவை அடுத்த நானிங்கின் மீது கம்பெனி அனுப்பிய, மதராஸ் சிப்பாய்கள் அடங்கிய சிறுபடை, காட்டுவழியில் தடுமாறி பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வாங்கியது. 1832இல் கம்பெனி அண்டை நாடான ரெம்பாவுடன் உடன்படிக்கை செய்து, காட்டை வெட்டிப் பாதையமைத்தே நானிங்கின் தலைவர் டோல் சையிதை வென்றது. படைபலம் கூடியதும் உண்மைதான். எனினும் அந்நிலத்தவரின் துணையும் திருத்திய வழியும் இல்லாமல் அந்தப் பலம் போய்ச் சேர்ந்திருக்காது. ஆகவே ஓடையையும் காட்டையும் போரின் பின்புலமாக மட்டும் எழுதும் வரலாறு, வழிகாட்டியையும் வேவுகாரரையும் வழிவெட்டிய கூலியாளையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.