பள்ளி வாயிலில் ஒரு பழைய அச்சம்

மாண்டு போயின என்று நாம் எண்ணியிருக்கும் கருத்துகள் பல மாளவில்லை. காலத்துக்கேற்ற கோலம் பூண்டு மீண்டும் வருகின்றன. நம் மக்களின் கல்வி வரலாற்றில் அவ்வாறு திரும்பத் திரும்ப எழுந்த அச்சம் ஒன்று உண்டு. 'இவர்களைச் சேர்த்தால் மற்றவர்கள் விலகிவிடுவர்' என்பதே அது. நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அதன் வரலாற்றை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

1856-ஆம் ஆண்டு தார்வார் நகரின் அரசுப் பள்ளியில் சேர மகார் குலச் சிறுவன் ஒருவன் விண்ணப்பித்தான். பம்பாய் அரசு இடமளிக்க மறுத்தது. நியாயம் அவன் பக்கமே என்பதை அவ்வரசு ஒப்புக்கொண்டது. ஆயினும் ஒருவனுக்காக நெடுங்காலத் தப்பெண்ணத்தில் தலையிட்டால் கல்விப் பணியே கெடும் என்று காரணம் கூறியது. சிறுவன் கல்வியை இழந்தது உறுதி. பிறர் விலகுவர் என்பதோ வெறும் ஊகம். அவ்வூகம் சோதித்துப் பார்க்கப்படாமலே தீர்ப்பாகிவிட்டது.

அரசுப் பள்ளிகள் எல்லா வகுப்பினருக்கும் உரியவை என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1858-இல் அறிவித்தனர். 1882-இல் அமைந்த ஹண்டர் குழுவும் அக்கொள்கையை ஏற்றது. ஆனால் எச்சரிக்கையோடு நடத்துக என்றும், தனிப் பள்ளிகள் வைக்கலாம் என்றும் கூறியது. கொள்கை முன்னே சென்றது. அச்சம் அதன் காலைப் பிடித்துக்கொண்டது.

சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலைபற்றி எழுதிய அறிக்கை 1892-இல் வெளிவந்தது. மறு ஆண்டே பஞ்சமர் கல்விக்கென அரசாணை பிறந்தது. தனிப் பள்ளிகளால் எழுத்தறிவு பெற்றோர் பலர்; அந்நன்மையை நாம் மறத்தல் ஆகாது. ஆயினும் பொதுப் பள்ளியின் கதவு மூடியே கிடக்க அவை ஒரு சாக்காகவும் பயன்பட்டன.

இவ்வச்சத்தின் மறுபக்கத்தை இரட்டைமலை சீனிவாசனாரின் வாழ்வில் காண்கிறோம். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், தம் குலம் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி உடன் பயில்வோரோடு பழகாது ஒதுங்கியே இருந்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் அவர் குறித்துள்ளார். பிறரின் தப்பெண்ணத்துக்கு அரசுகள் அஞ்சின. அதன் சுமையை மாணவர் சுமந்தனர்.

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து 68 ஆண்டுகள் கழிந்தபின், 2018-இல், திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் நம் சமுதாயப் பெண் ஒருவர் சத்துணவு சமைப்பதைச் சாதி இந்துப் பெற்றோர் சிலர் எதிர்த்தனர். உடனே அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். எதிர்த்தோரை விட்டு எதிர்க்கப்பட்டவரை அகற்றும் 1856-இன் முறையே மீண்டும் வந்தது. ஆனால் முடிவு வேறு. மக்கள் போராடினர், மாற்றல் ஆணை ரத்தாயிற்று, எதிர்த்தோர்மீது வழக்கும் பதிவாயிற்று.

இளைஞர்களே, பழைய வாதம் புதிய சொல்லில் வரும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: உறுதியான இழப்பு யாருக்கு? அஞ்சப்படும் இழப்பு எப்போதேனும் சோதிக்கப்பட்டதா? தார்வார்ச் சிறுவன் மனு எழுதியதாலேயே அவனுக்கு நேர்ந்த அநீதியை இன்று நாம் அறிகிறோம். நீங்களும் எழுதுங்கள், படியெடுத்துப் பாதுகாத்து வையுங்கள். அச்சம் மீண்டும் வரும். அன்று நம் விடையும் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும்.