பாய்மரப் படகுப் புத்தகம்

டேட்டாபேஸ்களிடம் கேள்வி கேட்க உதவும் எஸ்.க்யூ.எல். மொழிக்கு அமெரிக்காவில் முதல் தரநிலை வந்தது 1986-ல். ‘டேட்டாபேஸ் சிஸ்டம் கான்செப்ட்ஸ்’ பாடநூல் பிறந்ததும் அதே ஆண்டில்தான். எழுதியவர்கள் ஹென்றி கோர்த், ஆபிரகாம் சில்பர்ஷாட்ஸ். இருவரும் அப்போது ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அட்டையில் பாய்மரப் படகுகள்; ஒவ்வொன்றிலும் ஒரு டேட்டாபேஸ் மாடலின் பெயர். நெட்வொர்க், ஹைரார்க்கிகல் மாடல்களுக்கும் தனித்தனி அத்தியாயம் தேவைப்பட்ட காலம் அது.

1997-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எஸ். சுதர்சன் சேர்ந்தார். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, மும்பை ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்துபவர். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் நூல் இடம்பிடித்தது.

முதல் ஐந்து பதிப்புகளில் படித்தவர்களுக்குப் பெர்ரிரிட்ஜ் என்ற கிளையை மறக்க முடியாது. கிளை, கணக்கு, கடன் என்று ஒரு வங்கியை வைத்தே பெரும்பாலான வினவல்கள் நடக்கும். 2010-ல் வந்த ஆறாம் பதிப்பில் வங்கி போய்ப் பல்கலைக்கழகம் வந்தது. ஆசிரியர் அட்டவணையின் முதல் வரிசையில் கணினித் துறை சீனிவாசன், சம்பளம் 65,000. அவருக்குக் கீழே இசைத் துறை மொசார்ட் 40,000, இயற்பியல் ஐன்ஸ்டைன் 95,000.

இந்தச் சின்னப் பல்கலைக்கழகம்தான் புத்தகத்தின் பெரிய பலம் என்பேன். இயற்பியல் துறையில் ஸ்னோ என்றொரு மாணவர். ஒரு பாடமும் எடுக்காதவர். மாணவர் அட்டவணையையும், யார் எந்தப் பாடம் எடுத்தார்கள் என்ற அட்டவணையையும் ஜாயின் செய்தால் மற்றவர்கள் எல்லோரும் வருவார்கள், ஸ்னோ வரமாட்டார். பிழைச்செய்தி எதுவும் வராது. அவரை முன்பே தெரிந்திருப்பதால்தான் ‘ஸ்னோ எங்கே?’ என்று கேட்கத் தோன்றுகிறது. லெஃப்ட் அவுட்டர் ஜாயின் போட்டதும் வந்துவிடுகிறார், பாடத்துக்கான கட்டங்களில் ‘நல்’ (null) என்ற வெற்று மதிப்போடு. இணையத்தில் தேடினால் கட்டளையின் வடிவம் நொடியில் கிடைக்கும். ஆனால் முன்பின் பார்க்காத அட்டவணையில் காணாமல் போனவர் யாரென்று எப்படித் தெரியும்? ஒரு ஆர்டரும் தராத வாடிக்கையாளர் அலுவலக அறிக்கையிலிருந்து சத்தமில்லாமல் விழுந்துபோவதும் இதே வழியில்தான்.

2019-ன் ஏழாம் பதிப்பில் பிக் டேட்டாவும் பிளாக்செயினும் தனி அத்தியாயங்கள். நெட்வொர்க், ஹைரார்க்கிகல் மாடல்கள் அச்சுப் பக்கங்களை விட்டு எப்போதோ இணையப் பின்னிணைப்புக்குப் போய்விட்டன. பல்கலைக்கழக அட்டவணைகளை ஆசிரியர்களே இலவசமாகத் தருகிறார்கள்.

அவற்றை ஏற்றி, ஒவ்வொரு மாணவரும் எத்தனை பாடம் எடுத்தார் என்று லெஃப்ட் அவுட்டர் ஜாயின், க்ரூப் பை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கவுண்ட் அடைப்புக்குள் நட்சத்திரக் குறி போட்டால் ஸ்னோவுக்கு 1 வரும்; நல் நிரம்பிய அந்த ஒற்றை வரிசையும் எண்ணப்பட்டுவிடுகிறது. பாட எண் இருக்கும் பத்தியின் பெயரைக் கொடுத்தால்தான் 0 வரும்.